உபதேசியார் எழுதாத பெயர்

"வேற யாரு பேரும்மா?" என்று கேட்டுவிட்டு உபதேசியார் அருளப்பர் பென்சில் முனையை நாக்கில் தொட்டு நனைத்துக்கொண்டார். வியாகுலமேரி அதுவரை நான்கு பெயர் சொல்லியிருந்தாள். அவளைப் பெற்றவர்கள் இரண்டு பேர், மாமியார், நாற்பதாம் நாளிலேயே போய்விட்ட தலைப்பிள்ளை. வருசா வருசம் ஆத்துமாக்கள் திருநாளுக்குப் பத்து நாள் முன்னால் உபதேசியார் குடையும் தாளுமாக வீடு வீடாக வந்து, அந்தந்தக் குடும்பத்தில் செத்தவர்களின் பெயர்களை எழுதி வாங்கிக்கொண்டு போவார். திருநாள் பூசையில் சாமியார் அவற்றை ஒன்று விடாமல் வாசிப்பார். ஊரே முழங்காலில் நின்று அவர்களுக்காக வேண்டிக்கொள்ளும். எழுதி முடித்ததும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டுகிற மனுசர், இன்றைக்குக் கூரைத் தண்ணீர் குடைமேல் சொட்டச் சொட்ட அப்படியே நின்றார்.

"அவ்வளவுதானுங்க," என்றாள் வியாகுலம்.

"உங்க வூட்டுக்காரரு சவரியார் பேரு?"

அவள் முறத்திலிருந்த வரகிலிருந்து கையை எடுக்கவில்லை. "அவுரு பேர எதுக்குங்க எழுதணும்?"

"எழுதினா செத்துட்டாருன்னு அர்த்தம் இல்லம்மா. உசுரோட இருந்தாருன்னா அந்தச் செபம் வேற ஏதாச்சும் ஒரு ஆத்துமாவுக்குப் போயிச் சேரும். வீணாப் போவாது. கடுதாசி நின்னு அஞ்சு வருசம் ஆவப்போவுதேன்னுதான் கேட்டேன்."

"எழுதாதீங்க."

அருளப்பர் நல்ல மனுசர். தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு போனார். அர்த்தம் இல்லை என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். அவருக்கு வேதம் தெரியும். ஊருக்கு அவ்வளவு தெரியாது. கோயிலில் சவரியார் பெயர் வாசிக்கப்பட்டால் மறுநாளே கொழுந்தன் வீட்டார் வந்து உட்கார்ந்து அவள் தாலியை வாங்கிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். ஆனால் வியாகுலம் பயந்தது தாலிக்கு மட்டும் இல்லை. சவரியார் எந்தக் காட்டில் இருந்தாலும், அவருடைய உயிரைத் தானும் இரண்டு பிள்ளைகளும் சாயங்காலம் சொல்லும் செபம்தான் பிடித்து வைத்திருக்கிறது என்று அவளுக்குள் ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. மூன்று வாயும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறவரை அவர் இருப்பார். என்றைக்கு நிறுத்துகிறோமோ அன்றைக்குத்தான் சாவார். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று அவளுக்கும் தெரியும். அதனால் யாரிடமும் சொன்னதில்லை.

வரதராசன்பேட்டைக்குத் தெற்கே மூன்று மைல் தள்ளி, செம்மண்ணும் முந்திரியுமாகக் கிடந்த அந்தச் சிற்றூரில் ஐம்பது அறுபது வீடு இருக்கும். சாமியார் மாதத்துக்கு ஒரு தரம் வருவார். உபதேசியாருக்கு இதைப்போல ஐந்து ஊர். ஆகவே பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுக்கும் வேலையை அவர் வியாகுலத்திடம் ஒப்படைத்திருந்தார். அவள் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனாலும் மோட்சத்துக்குப் போகிற வழியைக் கேட்டால், உடையார்பாளையம் தாலுகா ஆபீசுக்கு வழி சொல்வதைவிடத் துல்லியமாகச் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோயில் பக்கத்து வேப்பமரத்தடியில் பத்துப் பதினைந்து பிள்ளைகளை உட்கார வைத்து, பரமண்டல மந்திரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக வாயில் ஏற்றுவாள். நடுவில் பிள்ளைகள் தூங்கி விழுந்தால் மந்திரத்தை விட்டுவிட்டுக் குடும்பக் கதைக்கு வந்துவிடுவாள். எந்த வீட்டில் சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து முழங்காலில் நிற்கிறார்களோ அந்த வீட்டைக் கஷ்டம் வந்து உலுக்கும், ஆனால் சாய்க்காது என்பாள். "எங்க வூட்டயே பாருங்களேன். அவுங்கப்பா கண்காணாத தேசத்துல. மழையில்லாத வருசம் ரெண்டு, கூழுக்கு அல்லாடுன வருசம் ஒண்ணு. நாங்க சாஞ்சமா?" என்று கேட்பாள். பிள்ளைகள் ஒரே குரலில் "இல்லீங்க" என்பார்கள்.

அது பொய்யும் இல்லை. சவரியார் கங்காணியோடு மலாய் ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறியபோது மூத்தவள் செசீலிக்கு மூன்று வயது. பாக்கியராஜ் வயிற்றில் இருந்தான். நாற்பத்தொன்று மார்கழியில் சப்பான்காரன் மலாயில் இறங்கியதோடு கடுதாசி நின்றது. அதற்கப்புறம் வந்த வருசங்களில் பிள்ளைகளுக்கு அரை வயிற்றுக் கூழைக் கொடுத்துவிட்டு, அழுகிற வாயை மூட அவளுக்குத் தெரிந்த ஒரே வழி செபமாலையை எடுப்பதுதான். ஐம்பத்து மூன்று மணியும் உருட்டி, கடைசியில் "அப்பா சொகமா வந்து சேரணும்" என்று தனியாக ஒன்று சொல்லி முடிப்பதற்குள் பசி கொஞ்சம் அசந்துவிடும். பிள்ளைகள் அப்படியே சரிந்து தூங்கிவிடும். விசுவாசம் சோறு போடவில்லை. ஆனால் சோறு இல்லாத நேரத்தைத் தாண்டிப் போக ஒரு கையைக் கொடுத்தது. அதைத்தான் அவள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தாள்.

சண்டை முடிந்து அடுத்த கோடையில் கப்பல் கப்பலாக ஆட்கள் திரும்பினார்கள். மீன்சுருட்டிக்கு அரியமுத்து என்று ஒருத்தன் வந்திருக்கிறான், சவரியார் இருந்த தோட்டத்தில்தான் இருந்தானாம் என்று கேள்விப்பட்டதும், வியாகுலம் செசீலியைக் கூட்டிக்கொண்டு விடியலில் நடையாகக் கிளம்பிவிட்டாள். பாக்கியராஜைக் கொழுந்தன் வீட்டில் விட்டாள். உச்சிப்பொழுதுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அரியமுத்து ஆறாத புண்காலை நீட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயதுதான் இருக்கும், பார்த்தால் அறுபது சொல்லலாம். அவன் பெண்சாதி இரண்டு பேருக்கும் மோர் கொடுத்தாள்.

"ஆமா தாயி, சப்பான்காரன் சயாம் காட்டுல ரயிலு போடறதுக்குன்னு லாரியில ஏத்திட்டுப் போனான். அவரும் எங்க கூட்டத்துலதான் இருந்தாரு. நாப்பத்து மூணு மழ காலத்துல அவருக்குப் பேதி கண்டுச்சு. பேதி கண்டவங்கள ஆத்துக்கு அந்தாண்ட ஒரு கொட்டாயில கொண்டுபோயிப் போட்டுருவானுவ. அவரயும் போட்டானுவ. மறுநாளே எங்கள வேற எடத்துக்கு ஓட்டிட்டானுவ."

"அதுக்கப்புறம்?"

"நான் பாக்கல தாயி." அவன் புண்மேல் உட்கார்ந்த ஈயை ஓட்டினான். "அந்தக் கொட்டாய்க்குப் போனவுங்க..." என்று ஆரம்பித்தவன், செசீலியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

திரும்பி வரும்போது வழியெல்லாம் வியாகுலம் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "பாக்கலன்னுதான சொன்னாரு? கேட்ட இல்ல?" என்றாள். செசீலி "ம்" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் கேட்டாள். அதற்கும் "ம்" என்றாள். பதினோரு வயதுப் பெண். அவளுக்குப் பேச்சு எப்போதுமே குறைவு. அன்றைக்கு அவள் மனசில் என்ன ஓடியது என்று வியாகுலம் யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலையிலும் இல்லை.

உபதேசியார் வந்துபோன பிற்பாடு வந்த ஞாயிற்றுக்கிழமை, மரத்தடியில் பாடம் உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றி. ஒவ்வொரு வருசமும் இந்த மாதத்தில் அதைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். நல்லவர்களாகச் செத்தாலும் சின்னச் சின்னப் பாவக்கறை தீரும்வரை ஆத்துமாக்கள் அங்கே நெருப்பில் கிடக்கும் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். பாக்கியராஜ் முன் வரிசையில் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து செசீலி கேட்டாள்.

"அதுங்க தனக்குத்தானே வேண்டிக்கிட்டா ஆவாதாம்மா?"

"ஆவாது. அதுங்களால ஒண்ணும் செஞ்சிக்க முடியாது. வூட்டு மனுசங்க வேண்டிக்கிட்டாத்தான் உண்டு."

"வூட்டுல வேண்டிக்கலன்னா?"

"காத்துக்கிட்டுக் கெடக்கும்," என்று வியாகுலம் மனப்பாடமாகச் சொல்லிவிட்டாள். வருசா வருசம் சொல்கிற பதில்தான். "யாராச்சும் நம்ம பேரச் சொல்ல மாட்டாங்களான்னு எரிஞ்சிக்கிட்டே காத்துக்கிட்டு..." என்று சொல்லிக்கொண்டு போனவளுக்கு, செசீலியின் முகத்தைப் பார்த்ததும் நாக்கு மேலே போகவில்லை. பிள்ளைகள் அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். மழை வருகிற மாதிரி இருக்கிறது, எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்றாள். வானம் வெளுத்துத்தான் கிடந்தது.

அன்று சாயங்காலம் செபமாலை முடிந்ததும் பாக்கியராஜ் வழக்கம்போலக் கூரை அதிர, "அப்பா சொகமா வந்து சேரணும்" என்றான். அவன் அப்பாவைப் பார்த்ததே இல்லை. அதனாலோ என்னவோ அவன் குரலில் எந்தக் கலக்கமும் இருக்காது. செசீலியின் உதடு அசைந்தது. ஆனால் வந்த சொல் வேறு.

"வாயத் தொறந்து சொல்லு," என்றாள் வியாகுலம்.

"தம்பி சொல்றான்ல. நீயும் சொல்ற. அப்பா உசுரோட இருந்தா அது போதும்."

"நீ என்னாடி சொல்ற?"

செசீலி தலையைக் குனிந்துகொண்டு, "இளைப்பாற்றி மந்திரம்," என்றாள்.

அது செத்தவர்களுக்குச் சொல்வது. வியாகுலம் எழுந்த வேகத்தில் அவள் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். பெண் அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, கணக்குப் பாடம் புரியாத பிள்ளை வாத்தியாரிடம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள். "ரெண்டயும் சொல்லி வச்சா என்னாம்மா? உசுரோட இருந்தா இது ஒண்ணும் பண்ணாது. செத்திருந்தா, நாம சொல்ற எதுவுமே அவருக்குப் போவலியே. மூணு வருசமா ஒத்த செபம்கூட இல்லாம கெடப்பாரே."

"நம்பிக்கையில ரெண்டு மனசு ஆவாது. ஒண்ணக் கேட்டுட்டு, கெடைக்காதுன்னு இன்னொண்ணயும் கேட்டு வச்சா அது நம்பிக்கையா? உனக்கு இதயா நான் சொல்லிக்குடுத்தேன்?"

"நீதானம்மா சொல்லிக்குடுத்த," என்றாள் செசீலி.

ஆமாம், அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். விட்டுக்கொடுக்காமல் நம்பு என்று சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். நெருப்பில் கிடக்கும் ஆத்துமாவுக்கு வீட்டு மனுசரை விட்டால் நாதியில்லை என்று சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். இரண்டும் உண்மை. அவர் இருந்தால் இந்தப் பெண் அவருக்குக் குழி வெட்டுகிறாள். அவர் இல்லாவிட்டால் கட்டின பெண்சாதியே அவரைத் தண்ணீர் கொடுக்காமல் எரிய விட்டிருக்கிறாள். எது என்று சொல்ல ஆள் இல்லை. கேட்டால் சொல்லக்கூடிய ஒருத்தர் பீடத்துக்கு மேலே இருக்கிறார். அவரை அஞ்சு வருசமாகக் கேட்டும் ஒரு சாடைகூடக் காட்டவில்லை. முதல் தடவையாக அவளுக்கு வீட்டு மாடத்திலிருந்த மாதா சுரூபத்தின்மேல் கோபம் வந்தது. கோபம் வந்ததே என்று பயமும் வந்தது. அடித்த கை எரிந்தது. பெண்ணை இழுத்து மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியும், என்னவோ தடுத்து, போய்ப் படு என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு செசீலி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சாயங்காலத்தில் தாய் சொன்னதையே கூடச் சேர்ந்து சொன்னாள். பயல் அளவுக்குச் சத்தம் இல்லாவிட்டாலும் காதில் விழுகிற மாதிரி சொன்னாள். வழிக்கு வந்துவிட்டாள் என்று வியாகுலம் நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டதில் நிம்மதி மட்டும் வரவில்லை. திருநாளுக்கு முந்தின நாள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் புல் செதுக்கப் போனார்கள். மழையில் கரைந்த குழிமேடுகளுக்குப் புது மண் அணைத்து, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, திருநாளுக்குத் தயார் பண்ணி வைப்பது பிள்ளைகளின் வேலை. செசீலியும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். இருட்டுகிற நேரத்துக்குத் தலைமுடி வரைக்கும் செம்மண்ணாக வந்து நின்றாள். மண்ணில் புரண்டாயா என்று கேட்டுக்கொண்டே வியாகுலம் தண்ணீர் ஊற்றிவிட்டாள்.

திருநாள் காலையில் கோயில் நிறைந்து வாசலிலும் ஆள் நின்றது. சாமியார் கறுப்பு உடுப்பில் நின்று பெயர்களை வாசித்தார். வியாகுலத்தின் தகப்பனார் பெயர் வந்தது, தாய் பெயர் வந்தது, மாமியார், பெயரிட்ட மறுவாரமே போன பிள்ளை. அடுத்த பெயர் பக்கத்து வீட்டுக்காரருடையது. பெண்கள் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று பேர் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நேராகப் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பாற்றிவிட்டேன் என்று ஒரு நினைப்பும், யாரை எதிலிருந்து என்று இன்னொரு நினைப்பும் ஒரே சமயத்தில் வந்தன. பக்கத்தில் செசீலி கண்ணை இறுக்கி மூடியிருந்தாள்.

பூசை முடிந்து எல்லாரும் மெழுகுதிரியோடு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார்கள். அங்கே அவரவர் தங்கள் வீட்டுக் குழிமேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொள்ள வேண்டும். சாமியார் வரிசை வரிசையாக வந்து ஒவ்வொரு மேட்டின்மேலும் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு போவார். வியாகுலம் மாமியார் மேட்டுக்குப் போகத் திரும்பியபோது செசீலி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். வேலியோரம், கடைசி வரிசையின் கடைசியில் புதிதாக ஒரு மேடு இருந்தது. சுற்றியுள்ள எல்லா மேட்டுக்கும் புது மண் அணைத்திருந்ததால் யார் கண்ணிலும் அது தனியாகப் படவில்லை. தலைமாட்டில் இரண்டு பூவரசங்குச்சியை நாரால் கட்டிச் சிலுவையாக நட்டிருந்தது.

"இது யாருதுக்கா?" என்றான் பாக்கியராஜ்.

"அப்பாவுது."

இரண்டு வரிசைக்கு அப்பால் பூசைக்கு உதவுகிறவன் மணியை ஆட்டிக்கொண்டு வருவது வியாகுலத்துக்கு எங்கோ தூரத்தில் கேட்பதுபோலக் கேட்டது. சாமியாரின் கறுப்பு அங்கி தெரிந்தது. அவருக்குப் பின்னால் அருளப்பர் தீர்த்தச் செம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். கொழுந்தன் பெண்சாதி இந்தப் பக்கம் பார்ப்பதற்குள் காலால் இரண்டு எத்து எத்தினால் போதும், நேற்று அணைத்த பச்சை மண், உட்கார்ந்துவிடும். அவள் பாதத்தைத் தூக்கவும் தூக்கினாள்.

செசீலி தடுக்கவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். "அந்தத் தண்ணி மட்டும் ஒருதரம் மேல வுழட்டும்மா. வுழுந்ததும் நானே கலைச்சிடறேன். யாருக்கும் தெரியாது."

தூக்கிய பாதம் எங்கே இறங்குவது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. வியாகுலம் மேட்டைப் பார்த்தாள். பெண் சுத்தமாகத்தான் செய்திருந்தாள். ஓரமெல்லாம் கையால் தட்டி வழித்து, கல் பொறுக்கி, இரண்டு பக்கமும் ஒரே சரிவாக. ஆனால் சின்னதாக இருந்தது. ஒரு சிறு பிள்ளையைப் புதைத்த மேடு போல இருந்தது.

"ஏண்டி இவ்வளவு குட்டையா?" என்றாள். தான் ஏன் அதைக் கேட்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அப்பா எவ்ளோன்னு ஞாவகம் இல்லம்மா. நான் படுத்துப் பாத்து, அதுக்கு மேல ஒரு சாண் வச்சிக் கட்டுனேன்."

அவர் இதற்குள் எப்படிப் படுப்பார்? முட்டியை மடக்கிக்கொண்டு கிடந்தால்கூடப் பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சொந்த வீட்டு வாசலுக்கே குனிந்து வந்த மனுசர். அவள் தலை அவர் நெஞ்சுக்குத்தான் எட்டும். அவர் சாகவில்லை, யாரும் பார்க்கவில்லை, இது அவருடைய குழியும் இல்லை. இதையெல்லாம் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. இருந்தாலும் மழையில், யாரும் இல்லாத இடத்தில், கால் நீட்ட இடமில்லாமல் அவர் மடங்கிக் கிடப்பது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. அதை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை.

வியாகுலம் கால்மாட்டில் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். வேலியோரத்து ஈரமண்ணை இரண்டு கையாலும் வாரி வாரி இழுத்து மேட்டோடு சேர்த்தாள். திருநாள் சேலை, முழங்கை, தாலிக்கயிறு எல்லாம் சேறானது. செசீலி எதிர்ப்பக்கம் உட்கார்ந்து மண்ணைத் தட்டத் தொடங்கினாள். கொழுந்தன் பெண்சாதி பார்த்துவிட்டாள். ஐயோ என்று அவள் வைத்த சத்தத்துக்குப் பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். மணிச்சத்தம் இந்த வரிசைக்குத் திரும்பிவிட்டது.

பாக்கியராஜ் சட்டை நிறைய மண்ணை அள்ளி வந்து கொட்டிவிட்டு, "போதுமாம்மா?" என்றான்.

"இன்னும்," என்றாள் வியாகுலம், தலை நிமிராமல்.

அவன் மறுபடியும் ஓடிப்போய் அள்ளி வந்து கொட்டினான். சிலுவைக்குச்சியிலிருந்து தாயின் கை வரைக்கும் ஒருமுறை கண்ணால் அளந்து பார்த்தான். வாய் பிளந்துபோயிற்று.

"அப்பா இவ்ளோ ஒசரமாம்மா?"

அவள் மேட்டின்மேல் முழம் போட்டுக்கொண்டே வந்தாள். நான்கு. நாலரை. இன்னும் மண் வேண்டியிருந்தது.